நாலாயிரத்தில் கேட்காத சத்தம்

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான் எலக்ட்ரீஷியன். பதினெட்டு வருஷமாக அந்த இரைச்சலுக்குள்தான் என் வேலை. லீவு நாட்களில் வீட்டில் ஸ்பீக்கர் பழுது பார்ப்பேன். அவற்றைச் சோதிப்பதற்காக, வேண்டிய ஃப்ரீக்வென்சியில் சத்தம் எழுப்பும் சின்ன கிட் ஒன்றை வரவழைத்திருந்தேன்.

அன்று மாதாந்திர மின்தடை. தறி எதுவும் ஓடவில்லை, வீட்டில்தான் இருந்தேன். கிட்டை பேட்டரியில் இணைத்து, குமிழைத் திருகி ஆயிரம் ஹெர்ட்ஸ் வைத்தேன். ஸ்பீக்கர் கூவியது. இரண்டாயிரத்திலும் கூவியது. மூவாயிரத்தில் மெலிந்தது. நாலாயிரத்தில் ஒன்றுமே இல்லை.

ஏதோ தப்பாக அமைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குமிழை அழுத்திப் பிடித்தபடி பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. அப்படியே செய்தேன். திரை அணைந்து எரிந்தது. மறுபடி நாலாயிரம் வைத்தேன். அப்போதும் கேட்கவில்லை. வால்யூமை முழுக்க ஏற்றினேன்.

அடுக்களையிலிருந்து மனைவி காதைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“என்னத்த வச்சிருக்கீய? நிப்பாட்டுங்க!”

“சத்தம் வருதா?”

“வருதாவா? பல்லெல்லாம் கூசுது!”

அணைத்தேன். கையை எடுத்தாள். போட்டேன். மறுபடி பொத்தினாள். நான் விளையாடுகிறேன் என்று முறைத்தவள், என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிட்டை அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மூவாயிரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னேன். கேட்டால் கை தூக்குவதாகப் பேச்சு. ஒரே ஒரு தடவை தூக்கினேன். பிறகு வெகு நேரம் காத்திருந்தேன்.

“ஆறாயிரம் வந்துட்டு,” என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. போன வாரம் தறி ஓட்டும் பெண் ஒருத்தி, “அண்ணாச்சி, இந்த மோட்டார்ல கீச்சுன்னு ஒரு சத்தம் வருது,” என்றிருந்தாள். நான் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா, ஓட்டு,” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் வேலை தொடங்குமுன் ஓடிப்போய் அந்த மோட்டாரைப் பிரித்தேன். பேரிங்கில் கிரீஸ் காய்ந்து, குண்டுகள் நீலம் பாரித்துக் கருகியிருந்தன. அதைச் சுற்றி ஒரு கை அளவுக்குப் பஞ்சுத் தூசி. இன்னும் கொஞ்சம் சூடேறியிருந்தால் பற்றியிருக்கும். அந்தத் தறிக்கும் வாசலுக்கும் இடையில் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். தூசியை வழித்தெடுத்து, புதுப் பேரிங் மாட்டிய பிறகுதான் அந்தத் தறியை ஓட விட்டேன்.

திருநெல்வேலி டாக்டர் பரிசோதித்துவிட்டு, “போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்திக்கோங்க,” என்றார். இப்போது கூடத்தில் காதுக்கு உறை மாட்டிக்கொள்கிறேன். முதலாளியிடம் சொல்லப் பயம், சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன்.

“நான் கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி,” என்றாள். “நீங்க ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லிராதீய.”

அவள் வராத நாட்களில், ஒவ்வொரு மோட்டாராகக் கை வைத்துச் சூடு பார்த்தபடி சாயங்காலம் வரை நடந்துகொண்டே இருக்கிறேன்.