நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுவாரம், மம்சாபுரத்திலிருந்து என் மனைவியோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போனேன். புத்தகம் எடுக்க அல்ல, உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் எனக்கு இருந்த ஒரே பழக்கம் வாசிப்பு. கண் அழுத்த நோய் வந்தது. ஆபரேஷன் செய்தும் பலனில்லை. கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சின. வீட்டில் பேச்சே குறைந்துபோனது. தானே வாசித்துக் காட்டுவதாக மனைவி சொல்வாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளை அதற்கும் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நூலகர் அம்மா அட்டையைக் கையில் வாங்கவே இல்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். கண்ணு தெரியாதவங்க கேக்குற மாதிரி போன்லயும் கம்ப்யூட்டர்லயும் வழி இருக்காம். எனக்கு இன்னும் தெரியாது. மொதல்ல நான் படிச்சுக்கிடுதேன், பொறவு உங்களுக்குச் சொல்லித் தாரேன்."

ஒப்புக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் போல் கழித்து அவரே போன் செய்து கூப்பிட்டார்; மனைவியோடு போனேன். ஒரு வாரப் பத்திரிகையின் பக்கத்தைப் படமெடுத்து, எழுத்தாக மாற்றி, கம்ப்யூட்டரை வாசிக்க வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பாதி கதை, மறு பாதி சமையல் குறிப்பு. அது இரண்டையும் சேர்த்தே வாசித்துக்கொண்டு போனது. கதாநாயகன் கதவைத் திறந்து உள்ளே போய், உளுந்தம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்தான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மா பதறிப்போய், சரி செய்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே பட்டன்களைத் தட்டினார். பக்கத்தில் என் மனைவியின் குரல் மட்டும் உடைந்து வந்தது.

"இருக்கட்டும் மேடம். இவிய சிரிச்சு ஒரு வருசமாச்சு."



அடுத்த சில வாரங்களில், திரையைத் தொட்டதும் அங்கே என்ன இருக்கிறது என்று போனே சொல்லும் வசதியை எனக்குப் பழக்கினார். தன் வீட்டில் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு தன் போனில் அவரும் அதைப் பழகியிருக்கிறார். அப்படிப் பழகும்போது தெரியாமல் அவருடைய மேலதிகாரிக்கே இரண்டு தடவை அழைப்பு போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கம்.

இப்போது நாவல், செய்தி, பேரனின் வாட்ஸப் எல்லாம் நானே கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் நூலகர் அம்மா, சர்க்கரையால் பார்வை இழந்த ராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருவரை என் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லிக்கொடுக்கும் வேலையை என்னிடமே விட்டுவிட்டார்.

பார்வை போனது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் எனக்காக ஒருவர் தெரியாத வேலையை முதலிலிருந்து கற்றுக்கொள்ள உட்கார்ந்தார் என்று நினைக்கும்போதெல்லாம், நான் யாருக்கும் பாரமில்லை என்று தோன்றுகிறது.