டிஸ்க்கின் எண்ணைப் படித்துச் சொன்னவர்

நான் அந்த அறையில் தனியாக இருந்தது பதினொரு நிமிடம். தனியாக என்பது மற்றவர்கள் சொல்வது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய்க் கதைகளுக்கு நான் பயந்ததில்லை, இயற்பியல் படித்தவள். ஆனாலும் இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.

குளுவாங் நகரில் மெய்யப்பன் அண்ணன் நடத்தும் சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்பது எங்கள் தொழில். போன மார்ச்சில் காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து அழைத்தார்கள். பழக்குலைகளை அவிக்கும் பெரிய இரும்பு உருளையின் கதவு, உள்ளே நீராவி இருக்கும்போதே திறந்துவிட்டது. எதிரே நின்ற ஹேமநாதன் என்ற தொழிலாளி அங்கேயே இறந்துபோனார். அந்த ஆவியில் சுவரிலிருந்த கேமராப் பெட்டியும் வெந்துவிட்டது. அதன் டிஸ்க்கில் பதிவு இருந்தது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை சிதைந்து எதுவும் திறக்கவில்லை. மறுநாள் காலை விசாரணை அதிகாரிகள் வருவதற்குள் எடுத்துத் தர வேண்டும்.

ஆலை வாசலில் ஹேமநாதனின் மனைவி ராசம்மா காத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரே கதவ திறந்துட்டாருன்னு ஆபிஸ்ல சொல்றாங்க தங்கச்சி. இருபத்தாறு வருஷமா அந்தக் கதவுகிட்ட நின்ன மனுசன். அவரு திறக்கலன்னு மட்டும் காட்டிரு. வேற ஒன்னும் எனக்கு வேணாம்."

தலையாட்டினேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது.

மூல டிஸ்க்கில் நாங்கள் கை வைப்பதில்லை. முதலில் அதே அளவுள்ள புது டிஸ்க்கில் ஒரு நகல். பழுது பார்ப்பதெல்லாம் நகலில்தான். நகலெடுக்க ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. எந்த டிஸ்க்கின் மேல் எழுதப் போகிறதோ, அதன் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் திரையில் காட்டிவிட்டு எண்டருக்குக் காத்திருக்கும். டிஸ்க் மாறினால் மூலமே அழிந்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். யாரும் தனியாக எண்டர் அடிப்பதில்லை. இன்னொருவர் புது டிஸ்க்கைக் கையில் எடுத்து, திரையைப் பார்க்காமல், அதில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் "அடிக்கலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் விரல் அசையும்.

மெய்யப்பன் அண்ணன் வரும் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டார். ஆலை கிளார்க் லோஷினி எனக்குத் துணையாக இருந்தாள். ஒன்பது மணிக்கு மேல் அவள் கைப்பேசி அடித்தது.

"பேபி அழுவுதாம் லா. குவாட்டர்ஸ் பக்கத்துலதான். பால் கொடுத்துட்டு ஓடி வந்துர்றேன். பயமா இருக்கா?"

"இல்ல."

"பொய். போய்க் கண்ணாடியில மூஞ்சியப் பாரு." சிரித்துக்கொண்டே போனாள்.

மணி 9:14.

விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. இரண்டு டிஸ்க்குகளும் நின்று மறுபடி சுழலத் தொடங்கின. இப்படி ஆனால் கணினி இரண்டின் பெயரையும் மாற்றிப் போட்டுவிடலாம். எனக்குத் தெரியும். லோஷினி வரட்டும் என்று கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஸ்ஸ்ஸ்ஸ்... என்று ஆவி விடும் சத்தம். இரவு ஷிப்ட் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அவித்த பழத்தின் வாசம் வந்தது. ஏர்கான் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது.

துடைத்துப் போட்டேன். மேசைக்கு எதிரே ஒருவர் நின்றார்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

ஆலைச் சீருடை. கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. உடை முழுக்க ஈரம். வெளியே மழை இல்லை.

"இன்னும் முடியலயாம்மா?"

"ஒருத்தர் வரணும் அங்கிள். இந்த நம்பரப் படிக்கணும்."

"நான் படிக்கிறேன்."

பெரியவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் புது டிஸ்க்கைக் கையில் எடுத்தார். இடது கட்டைவிரலில் நகம் இல்லை. அவர் நின்றது திரைக்குப் பின்னால். அங்கிருந்து திரை தெரியாது.

"நாலு... நாலு... ஏழு... ஒன்னு."

திரையில் 4471.

"அடிக்கலாம்மா."

அடித்தேன்.

அடித்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சொல் எங்களுடையது. நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அவர் டிஸ்க்கை மேசையில் வைத்தார். எண் என் பக்கம் திரும்பியிருந்தது.

9026. அப்படியானால் திரையில் இருந்த 4471 மூல டிஸ்க்.

நிறுத்தும் விசைகளை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி. மறுபடி. மூல டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினேன்.

அது சுழன்றுகொண்டே இருந்தது.

கையில் எடுத்தேன். எந்தக் கம்பியும் இல்லை. என் உள்ளங்கையில் சுழன்றது. டிக்... டிக்... டிக்...

கொதித்தது. கீழே போட்டுவிட்டேன்.

"விட்டுரும்மா," என்றார்.

பிஸ்மி என்று இறைவன் பெயரைச் சொல்லப் பார்த்தேன். நாக்கு எழவில்லை.



டிக்... டிக்...

நின்றது.

லோஷினி கதவைத் திறந்தபோது மணி 9:25. அறையில் நான் மட்டும்.

"அலமாக்! என்ன இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு?"

"அந்த அங்கிள் எங்க?"

"எந்த அங்கிள்? செக்யூரிட்டி வாசல்லதான் உக்காந்திருக்காரு. யாரும் உள்ள வரலயே."

"இரவு ஷிப்ட் ஆளு..."

அவள் சிரிப்பு நின்றது. "ஷிப்டே இல்ல ஷிரீன். ஹேமநாதன் அங்கிள் செத்த நாள்லேருந்து பாய்லர் எரியல."

பத்து மணிக்கு மெய்யப்பன் அண்ணன் வந்து சேர்ந்தார். டிஸ்க்கைச் சோதித்தார். அது இரண்டு டெராபைட். முழுவதையும் அழிக்க நான்கு மணி நேரமாவது வேண்டும். என் ஸ்கிரிப்ட் ஓடியது இரண்டு நிமிடம்கூட இல்லை. டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வெறும் பூஜ்யம்.

"எனக்குப் புரியல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னார்.

மறுநாள் ராசம்மாவின் வீட்டுக்கு நானே போனேன். அவருடைய தம்பி மதிவாணனும் அங்கே இருந்தார். மாமா ஹேமநாதனோடு அதே ஷிப்டில் வேலை செய்தவர். விபத்துக்குப் பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று ராசம்மாவே சொன்னார்.

பதிவு அழிந்துவிட்டது என்றேன். ராசம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்ப அவரு மேலதான் பழியா? அப்படியே இருந்துருமா?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். துண்டைச் சொன்னேன். நகமில்லாத விரலைச் சொன்னதும் ராசம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. விரல்கள் சில்லென்று இருந்தன.

"சங்கிலி நசுக்கிப் போன நகம் அது..."

ராசம்மா என் மணிக்கட்டை விட்டார். 

"அவரா வந்தாரு? அவரு ஏன் தங்கச்சி அத அழிக்கணும்? அவரத்தானே எல்லாரும் குத்தம் சொல்றாங்க?"



பின்னால் ஏதோ சரிந்த சத்தம். திரும்பினேன். மதிவாணன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா... மாமா திறக்கல. வேணாம் வேணாம்னு கத்துனாரு. கதவ திறந்தது நான்."