கம்பைல் முடியும் வரை

நேற்று ஃப்ரிட்ஜ் மூலையில் மறந்துபோன முட்டை ஒன்று கைதவறி உடைந்தது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். நாற்றம் வருகிறவரை பயமில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். கிறுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஆம்பூர்த் தோல் ஷெட்டுகளுக்கு வேலையாகப் போனதில்லை.

என் முதல் வேலை வேலூரில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில். தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவுத் தொட்டிகளில் விஷவாயு சேர்ந்தால் கத்துகிற பெட்டி செய்து விற்றோம். நாங்கள் என்றால் முதலாளி, ஷாகிதா மேடம், நான். பெட்டிக்குள் ஓடுகிற நிரல் முழுக்க மேடம் எழுதியது. கம்ப்யூட்டரைத் திட்டும்போது மட்டும் உருதுக்கு மாறிவிடுவார். டெம்ப்ளேட் என்றால் அவருக்கு உயிர். வாயுவை உணர்கிற சென்சார் இன்ன வகை என்று குறிப்பிடாமல் பொதுவாக ஒருமுறை எழுதிவிடுவது. அப்புறம் எந்த வகை வந்தாலும் அதற்கென்று தனி நிரலை, நாம் எழுதியதைப் பெட்டியின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரே உருவாக்கிக்கொள்ளும். படிக்க அழகாக இருக்கும். கம்பைல் போட்டால்தான் சங்கதி தெரியும். அது முடிவதற்குள் நான் சாப்பிட்டுவிட்டுக் கோட்டையைச் சுற்றி ஒரு நடை போய் வந்துவிடுவேன். சம்பளம் வாங்கிக்கொண்டு அகழியில் மீன் பார்த்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் ஆம்பூரில் ஒரு ஷெட்டில் பெட்டியின் சென்சார் செத்துவிட்டது என்று காலையிலேயே கிளம்பிப் போனோம். வேறு வகை சென்சார்தான் கையில் இருந்தது. அதைப் பொருத்தினோம். பெட்டிக்கு அது புரிய நிரலில் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். அந்த இடமோ மற்ற எல்லாக் கோப்புகளும் எடுத்துப் படிக்கிற பொதுக் கோப்பில் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு மேடம் லேப்டாப்பைத் திறந்தார், மாற்றத்தைச் செய்து கம்பைல் போட்டார். பெட்டி ஊமையாகக் கிடந்தது. அதில் பச்சை விளக்கு எரியும் வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம்.

இறங்க வேண்டியவர் ஏழுமலை. முப்பது வயதிருக்கும். தொட்டியின் அடியில் சேறு அடைத்திருந்தது, அள்ளிப்போக லாரி வந்து நின்றது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூடிக்குப் பக்கத்தில் குந்தி எங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் ஓடின, நின்றன, ஓடின. அன்றைக்குக் காற்றே இல்லை.

"இன்னா மேடம், ஒரு எடத்துல மாத்தறதுக்கு ஒரு மணி நேரமா? பேஜாரா இருக்கு," என்றார் சூப்பர்வைசர் தனபால்.

மேடம் அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "ஷூவுக்கு டிசைன் ஒண்ணு, சைஸ் பத்து. சைஸுக்கு ஒரு அச்சு வெச்சுதானே தோல் வெட்டறீங்க? ஒரு எடத்துல அச்ச செஞ்சு எல்லா டேபிளுக்கும் குடுக்கறீங்க. இங்க அப்படி இல்ல சார். ஒவ்வொரு டேபிளும் டிசைன் பேப்பர முழுசா படிச்சு, தனக்கு வேண்டிய அச்செல்லாம் தானே செஞ்சிக்கும். அதே அச்சு பக்கத்து டேபிள்ல இருக்கறது இதுக்குத் தெரியாது. கடைசில ஒண்ண வெச்சிக்கினு மிச்சத்த தூக்கிப் போட்டுடும். பேப்பர்ல ஒரு புள்ளி மாறினா எல்லா டேபிளும் மறுபடி மொதல்ல இருந்து."

"அந்த டேபிள்காரங்கள வீட்டுக்கு அனுப்புங்க மொதல்ல," என்றார் தனபால்.

நான் சிரித்தேன். ஏழுமலை சிரிக்கவில்லை.

டெம்ப்ளேட்டில் இன்னொரு வம்பு உண்டு. எழுதி வைத்திருக்கும்போது சில குறைகள் தெரியாது. ஒரு வகைக்கு அதைப் பயன்படுத்தப் போகும்போதுதான் வெளியே வரும். முக்கால்வாசி ஓடியதும் கம்பைல் நின்றது. புது சென்சாருக்கு எதுவோ ஒத்துவரவில்லை. குறை ஒரு வரியில்தான், அதற்குக் கம்பைலர் வைத்த ஒப்பாரி திரை திரையாக ஓடியது. மேடம் தேடிப் பிடித்துத் திருத்தினார். திருத்தியது அதே பொதுக் கோப்பில். மறுபடி முதலிலிருந்து.

"போதும். லாரிக்காரன் போய்டுவான். ஏழுமல, மூடிய தொற," என்றார் தனபால்.

ஏழுமலை மூடியை நகர்த்திக் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது. "மொதல்ல லேசா அடிச்சுது சார். இப்போ நாத்தமே இல்ல," என்றார், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

 தொட்டியில் சேர்கிற வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய்விடும். அப்புறம் எதுவும் தெரியாது.

மேடம் எழுந்தார். ஏழுமலையின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மூடியைத் தள்ளி மூடினார். ஸ்டூலை அதன்மேல் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நாத்தம் வந்து நின்னு போச்சுன்னா ஓடணும் ஏழுமல. எறங்கக் கூடாது," என்றார்.

தனபால் கத்தினார். எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார், முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். மேடம் அசையவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, தனபாலிடம் அல்ல, ஸ்டூலுக்குக் கீழே இருந்ததிடம். ஒருவழியாகக் கம்பைல் முடிந்தது. நிரலைப் பெட்டியில் ஏற்றி, மூடியை ஒரு விரற்கடை நகர்த்தி சென்சாரை உள்ளே விட்டோம். விட்டதும் பெட்டி அலறியது. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

ஏழுமலை இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். "எப்பவும் இவ்ளோ லேட்டாவுமா மேடம்?" என்றார்.

"ஆவும்."

"ஆவட்டும் மேடம்."

இப்போது அந்த ஷெட் கல்யாண மண்டபம். எங்கள் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். மேடம் பெங்களூரில் இருக்கிறார். கம்பைல் எல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஏழுமலையும் இல்லை. அந்த நாளுக்கு மறு வருஷம் வேறொரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெட்டி கிடையாது. இறங்கினார், அவரைத் தூக்க இறங்கியவரும் மேலே வரவில்லை. மேலே நின்றிருந்த ஒருவர் என்னிடம் போனில் சொன்னார்: "எறங்கறதுக்கு முன்னாடி, பொட்டி எங்கன்னு கேட்டான் சார். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."