எஸ்கேப்பைத் தட்டியவன்

பற்றைக் காணியில் கிணறு வெட்டினேன். கல் அரிந்து வீடு கட்டினேன். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை எழுப்பினேன். அதன் கூரைத் தகரம் முழுவதும் என் கையால் அடித்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க இன்று அந்தக் கடைக்குத்தான் வருகிறார்கள். அங்கே என் மகள் ஸ்டூடியோ நடத்துகிறாள்.

போன மாதம் ஒரு காலை அவளுடைய கணினி திறக்க மறுத்தது. முதல்நாள் அது ஏதோ அப்டேற் கேட்க, இவளும் சம்மதம் கொடுத்திருக்கிறாள். இப்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றன. கொக்கிளாயில் எடுத்த கல்யாணப் படங்கள் அதற்குள் மட்டும்தான் இருந்தன. கமரா மெமரியை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டாள்.

"அப்பா, பொம்பிளைக்கு நான் என்னண்டு சொல்லுறது? திருப்பித் தாலி கட்டச் சொல்லுறதே?" என்று அழுதாள்.

கணினி திருத்துகிறவர் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடவேணும் ஐயா."

"அழிக்கிறதுக்கு நீர் எதுக்கு? போயிட்டு வாரும்" என்றேன். ஊற்றிவைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிறகு வவுனியாவிலிருக்கும் என் தங்கையின் மகனுக்குப் போன் போட்டோம். கணினியை அமைத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"படத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை மாமா. கேர்னல் எண்டுறது இஞ்சின் மாதிரி. அப்டேற்றிலை வந்த புதுசு குழப்புது; பழையதும் உள்ளுக்குத்தான் கிடக்கு. பவர் போட்டு, முதல் வாற கொம்பனிப் படம் மறையேக்கை கீபோட்டிலை எஸ்கேப்பை ஒருக்காத் தட்டினால் ஒரு பட்டியல் வரும், அதிலை பழையதைத் தெரிவுசெய்யலாம். கனக்கத் தட்டக்கூடாது."

மகள் தட்டினாள். முந்திவிட்டாள். அடுத்த தரம் பிந்திவிட்டாள். பிறகு பதற்றத்தில் மூன்று தரம் தட்டினாள்.

"தள்ளு பிள்ளை."

"அப்பா, இது தண்ணி இறைக்கிற மிஷின் இல்லை!"

அதுதானே இது! இறைக்கிற இஞ்சினைக் கையால் சுழற்றி, வேகம் ஏறும் கணத்தில், தூக்கிப் பிடித்திருக்கும் வால்வு நெம்பை விடவேண்டும். முந்தினால் கையை அடிக்கும், பிந்தினால் இஞ்சின் பிடிக்காது. அந்தக் கணம் என் விரலுக்குத் தெரியும். பவரைப் போட்டேன். கொம்பனிப் படம் மறைந்தது, ஒருமுறை தட்டினேன். பட்டியல் வந்தது. மகள் பழைய கேர்னலைத் தெரிவுசெய்தாள்.

சிறிது நேரத்தில் திரை நிறைய மணப்பெண் சிரித்தாள். மகள் கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆறிப்போன அந்தத் தேநீரை நானே குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. படங்களை உடனே இன்னோர் இடத்திலும் பதியச் சொன்னேன்.

ஆல்பம் வாங்க வந்தவர்களிடம், "மச்சான்தான் போனிலை திருத்தினவர்" என்கிறாள் மகள். ஓம், வழி சொன்னது அவன். தட்டியது ஆர்? அழிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது ஆர்? இனிச் சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்லவேண்டும், அதுவும் முதலில்.