இரு தரப்பும் நம்பிய ஆள்

பாபநாசத்தில் ரெமிஜியஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வருவது 'நல்ல மனுஷன்' என்ற பேச்சுதான். கேட்பவர்களுக்கு அது பாராட்டு. அவர் மனைவி அமலியிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி. அந்த நல்ல பெயர்தான் தன் வீட்டுக்குப் பிடித்த சனியன் என்று அவள் கையில் இருக்கும் கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொல்வாள்.

ரெமிஜியஸ் ஒரு ரைஸ் மில்லில் ஃபிட்டர். மில்லுக்கு இரண்டு பார்ட்னர்கள். சந்தானகிருஷ்ணன், அப்பா காலத்து நிலத்தை விற்று மில்லில் போட்டவர். இராஜாங்கம், நெல் மண்டி வைத்து மேலே வந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டு மெஷின்களுக்கு நாடு கதவைத் திறந்துவிட்டதும், இருவரும் பேங்கில் கடன் வாங்கி ஜப்பானிலிருந்து ஒரு மெஷினை இறக்கினார்கள். ஓடுகிற அரிசியில் கறுப்பு மணி எது என்று பார்த்து, காற்றால் ஊதி வெளியே தள்ளிவிடும். அதை மாட்ட வந்த இன்ஜினியர் ஊர் திரும்புவதற்குள் ரெமிஜியஸ் அதன் குணம் முழுவதையும் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் அதன் கண்ணாடியைத் துடைக்கும்போது வேறு யாரையும் பக்கத்தில் விட மாட்டார்.

மெஷின் வந்தது, சண்டையும் கூடவே வந்தது. இராஜாங்கம் மன்னார்குடியில் மகன் பெயரில் புது மில் கட்டி, மெஷினைச் சத்தமில்லாமல் அங்கே கொண்டுபோகப் பார்த்தார். சந்தானகிருஷ்ணன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு முடியும்வரை மில்லைப் பூட்டி சீல் வைக்கும்படி உத்தரவானது. சீல் வைக்க ஒரு வக்கீலைக் கமிஷனராகக் கோர்ட் அனுப்பியது.

உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் எழுதி முடித்த கமிஷனர், "சாவியை யார் பொறுப்பில் விடுவது?" என்று கேட்டதுதான் தாமதம், மறுபடி கூச்சல். சந்தானகிருஷ்ணன் தன் கணக்குப்பிள்ளையைச் சொன்னார். இராஜாங்கம் கையைத் தட்டிச் சிரித்தார். இராஜாங்கம் தன் மச்சானைச் சொன்னார். சந்தானகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெயில் ஏறியது. அந்த நேரம் பார்த்து ரெமிஜியஸ் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். வராமல் இருந்திருக்கலாம்.

"இவன்கிட்ட குடுங்கோ," என்றார் சந்தானகிருஷ்ணன்.

"ஆமாங்க, ரெமிஜியஸ்னா எனக்குப் பூரண சம்மதம்," என்றார் இராஜாங்கம்.

இருவரும் ஒத்துப்போன விஷயம் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். ரெமிஜியஸுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனிதர்கள் இருவரும் தன்னை நம்புகிறார்கள்! நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். சீலும் சாமானும் சேதமில்லாமல் இருக்கும், கேட்கும்போது ஒப்படைப்பேன், கோர்ட் அனுமதி இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போக மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கடைசி நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது இரு தரப்பு வக்கீல்களும்தான். எதிராளி இந்த ஆளை எங்காவது கடத்திவிடுவான் என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

"எத்தனை நாளைக்குங்க இது?" என்று கேட்டாள் அமலி.

"ஒரு வாய்தா, மிஞ்சினா ரெண்டு வாய்தா," என்றார் ரெமிஜியஸ்.

மில்லின் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில், தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அதை எழுதியவர்களே மறந்துபோயிருந்தார்கள். மத்தியஸ்தத்துக்கு அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. இராஜாங்கத்தின் வக்கீல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இந்த வழக்கைக் கோர்ட் தொடவே கூடாது என்றார். தொடலாம் என்றார் எதிர் வக்கீல். மெஷின் யாருக்கு என்ற வழக்கு ஓரமாக உட்கார, வழக்கை யார் விசாரிப்பது என்ற வழக்கு மெட்ராஸ்வரை போனது. எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். சீல் மட்டும் பாபநாசத்தில் இருந்தது. ரெமிஜியஸும் இருந்தார்.

மில் மூடியதால் சம்பளம் நின்றது. சுற்று வட்டாரத்தில் பம்ப்செட் ரிப்பேர் பார்த்தார். காலையும் மாலையும் போய் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். உள்ளே எலி ஓடுகிற சத்தம் கேட்கும். ஒயரைக் கடிக்கிறதே என்று வயிறு எரியும். சாவி இடுப்பில் இருந்தும் திறக்க முடியாது. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர், அது வேறு மாவட்டம் என்பதால் நிறுத்திக்கொண்டார். இது போதாதென்று அரசாங்கம் திருவாரூரைத் தனி மாவட்டம் ஆக்கியது. அமலி பிறந்த வலங்கைமான் அதோடு போய்விட்டது. சைக்கிளில் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருகிற மாமியார் வீட்டுக்குப் போகக்கூட கோர்ட்டில் மனுப் போட வேண்டும் என்றாகிவிட்டது.

"யாருங்க பாக்கப் போறாங்க? வாங்க, போய்ட்டு வந்துடலாம்," என்பாள் அமலி.

"கையெழுத்துப் போட்டிருக்கேன் அமலி."

இந்த மனிதரை என்ன செய்வது? அவள் மகள் ஜெனிட்டாவை மட்டும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து அமலியின் அண்ணன் ஜோசப்ராஜ் விசா அனுப்பினார். மாவு மில்லில் மெக்கானிக் வேலை. குறிப்பிட்ட தேதிக்குள் போகாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அமலி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ரெமிஜியஸ் தன்னை விடுவிக்கச் சொல்லி மனுப் போட்டார்.

இரு தரப்பு வக்கீல்களும் எழுந்து, தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள். ரெமிஜியஸுக்கு உயிர் வந்தது. இருவருக்கும் சம்மதமான வேறு ஆளைச் சொல்லுங்கள் என்றார் ஜட்ஜ். இவர் சொன்ன பெயரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன பெயரை இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவரை ரெமிஜியஸே தொடரட்டும் என்று சொல்லிவிட்டு ஜட்ஜ் அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் ரெமிஜியஸுக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளை அரிசிக்கு நடுவில் கறுப்பு மணியாக ஆகிவிட்டால் ஊதித் தள்ளிவிடுவார்கள் அல்லவா? ஒருத்தருக்காவது தன் மேல் சந்தேகம் வந்தால் போதும்.

அந்த மாதம் தஞ்சாவூரில் சந்தானகிருஷ்ணன் மகள் கல்யாணம். ரெமிஜியஸ் வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் போய், மண்டப வாசலிலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தார். இராஜாங்கத்தின் ஆட்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போட்டோவில் முன்னால் நின்றார். மறுவாரம் இராஜாங்கம் வழியில் காரை நிறுத்தினார்.

"கல்யாணத்துல நீதான் வாசல்ல நின்னியாமே?"

"ஆமாங்க," என்றார் ரெமிஜியஸ், திட்டு விழும் என்ற ஆசையோடு.

"நல்ல காரியம் பண்ணுன. நானோ போக முடியல, நம்ம மில்லு சார்பா நீயாவது நின்னியே." இராஜாங்கத்தின் குரல் தழுதழுத்தது. ரெமிஜியஸுக்கு அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக.

விசாத் தேதி நெருங்கியது. வெட்கத்தை விட்டு சந்தானகிருஷ்ணன் வீட்டுக்கே போனார்.

"சாமி, மறைக்காம சொல்லிடுறேன். எனக்கு இராஜாங்கம் ஐயா மேலதான் பாசம் ஜாஸ்தி. அவரு கேட்டா சாவியக் குடுத்தாலும் குடுத்துடுவேன். என்னை மாத்திடுங்க."

சந்தானகிருஷ்ணன் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "குடுக்க மாட்டே. குடுக்கறவன் ஆத்துக்கு வந்து சொல்லிண்டிருப்பானா? உள்ள வந்து ஒரு வாய் காபி சாப்டுட்டுப் போ."

காபி குடித்துவிட்டுத் திரும்பினார். நேர்மையாக இருப்பவனுக்குத் திருட்டுத்தனம்கூடச் சரியாக வராது. அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. தேதி முடிந்தது, அந்த வேலைக்கு ஒரு கேரளத்துப் பையன் போனான்.

அமலி சண்டை போடவில்லை. பெரிய விஷயத்தில் அவள் சண்டை போட மாட்டாள். அண்ணனிடம் போனில் தானே பேசினாள். மஸ்கட்டில் ஒரு டாக்டர் தம்பதியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம்.

"நீ எதுக்கு அமலி? ஜெனிட்டா சின்னப் பொண்ணு."

"நீங்க போக முடியாது. யாராவது போகணும்ல?"

திருச்சி விமான நிலையத்துக்கு வேன் பிடித்தார்கள். அனுமதி கேட்டு அவர் போட்ட மனு, ஜட்ஜ் லீவில் இருந்ததால் அப்படியே கிடந்தது. வேன் தஞ்சாவூரைத் தாண்டி செங்கிப்பட்டிக்கு வந்ததும், "நிறுத்துங்க," என்று சொல்லி ரோட்டோர டீக்கடை ஒன்றின் முன்னால் இறங்கிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் திருச்சி மாவட்டம். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. அமலி ஜன்னல் வழியாக அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"மழை வந்தா ஓட்டுக்கு அடியில பக்கெட் வைங்க," என்றாள். வேறு என்ன சொல்வாள்?

ஏர்போர்ட் வரை போன ஜெனிட்டாவோடு வேன் திரும்பி வரும்வரை ரெமிஜியஸ் அந்த டீக்கடையை விட்டு நகரவில்லை. "அப்பா, இங்கயேவா நின்னீங்க?" என்று கேட்டாள் மகள்.

அடுத்த அறுவடைக்குள் ஒரு மெட்ராஸ் கம்பெனி மில் இருந்த மனையை நல்ல விலைக்குக் கேட்டது. அவ்வளவுதான், அத்தனை வருஷ வழக்கும் ஒரு மத்தியான வேளையில் சமரசமாகிப் போனது. சீல் உடைந்தது. பட்டியலில் இருந்தபடி ஒரு போல்ட் குறையாமல் ரெமிஜியஸ் ஒப்படைத்தார். ஜப்பான் மெஷின் துருவேறி, ஒயரெல்லாம் எலி தின்று, இரும்பு விலைக்குப் போனது. பார்ட்னர்கள் இருவரும் அதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று அவர் தோளைத் தட்டினார்கள்.

"உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்காது," என்றார்கள் இருவரும்.

வெள்ளிக்கிழமை அமலிக்கு லீவு. கமருன்னிஸாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு அன்று மாலை அவள் போன் வரும். ரெமிஜியஸ் மதியத்திலிருந்தே அங்கே போய் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தார்.

"அமலி, எல்லாம் முடிஞ்சிடுச்சு. சாவியக் குடுத்துட்டேன். இனிமே நான் எங்க வேணாலும் போலாம். நீ வந்துடு, நான் வரேன் அங்க. அண்ணன்கிட்ட சொல்லி நாளைக்கே கிளம்பு."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது. அமலி அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்குங்க," என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றாள்.

ரெமிஜியஸ் ரிசீவரை வைக்காமல் நின்றார். காத்திருந்த அடுத்த ஆள் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.