பன்னிரண்டாம் ரீல்

நான், என் மனைவி ரோஸி, மகள், மருமகன். நான்கு பேரும் புது மாலில் மேட்னி பார்க்கப் போனோம். அரை மணியில் படம் நின்றது. விசில் இல்லை, சத்தம் இல்லை. எல்லோரும் போனை எடுத்துக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே போனேன். சீருடை போட்ட பெண் நின்றாள்.

"ஆபரேட்டர் எங்கம்மா?"

"அப்படி யாரும் இல்ல அங்கிள். சர்வர் ஹேங் ஆயிடுச்சு. மெயில் போட்டிருக்கோம்."

நீங்களே சொல்லுங்கள், மெயிலை எப்படித் திட்டுவது? திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

உள்ளே பாப்கார்ன் வெண்ணெய் வாசனை. அந்தக் காலத்தில் நான் படம் ஓட்டிய கேபினில் விளக்குக் கார்பன் குச்சி எரியும் வாசனையும் மிஷின் எண்ணெயும்தான். சட்டையில் ஏறினால் இறங்காது. ரோஸி அந்தச் சட்டைகளைத் தனியாக ஊறவைப்பாள்.

சேலையூர் போகும் வழியில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டர். படப்பெட்டி ஒன்று, தியேட்டர் இரண்டு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தியேட்டரில் படம் முதலில் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீலை ஏழுமலை பைக்கில் எங்களுக்குக் கொண்டுவருவான். நடுவில் ரயில்வே கேட். அது என் உயிரை வாங்கியது.

ஒரு மாதத்தில் இரண்டு முறை படம் நின்றுவிட்டது. "இன்னொரு வாட்டி நின்னா சாவிய வச்சிட்டுப் போயிடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். கல்யாணமாகி ஆறு மாதம். எனக்கு வேறு தொழில் தெரியாது. படித்தது எட்டாவது.

ஒரு மேட்னி. பதினோராம் ரீல் முடிந்துவிட்டது, பன்னிரண்டு வரவில்லை. இடைவேளை ஸ்லைடை இரண்டாம் முறை போட்டேன். அப்படித்தான் சமாளிப்போம். மொத்தக் கூட்டமும் திரும்பி என் கேபின் ஓட்டையைப் பார்த்தது.

"யோவ் ஆபரேட்டரு, எத்தினி தபாய்யா ஒண்ணுக்குப் போறது?"

ஏழுமலை மூச்சிரைக்க ஏறி வந்தான். "கூட்ஸு போய்க்கினே கீதுண்ணா. நான் இன்னா பண்ண?"

ரீலைப் பிடுங்கி மாட்டினேன். ஓடி முடிந்த ரீலில் வால்தான் வெளியே இருக்கும். திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன். திரையில் கதாநாயகன் தலைகீழாக, பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனான். கீழே எல்லோரும் 'டா' போட்டுக் கத்த, ஒரு குரல் மட்டும் மரியாதையாகக் கத்தியது: "நேரா போடுங்க."

ரோஸி. பாஸ் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

மிஷினை நிறுத்தினேன். முதலாளி மேலே வந்தார். சாவிக்குக் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் அவர் குரல் கேட்டது. தானே படம் ஓட்டப் பார்த்து, மிஷினில் கைவைத்து விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

"டேய், மேல வா."

போனேன். சாவி கதவிலேயே தொங்கியது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அங்கேதான் இருந்தேன்.

இப்போது அந்தக் கேட் இல்லை, பாலம் வந்துவிட்டது. தியேட்டர் இருந்த இடத்தில் பிளாட்டுகள். ஏழுமலையும் செத்துப்போனான்.

மாலில் இன்னும் இருட்டுத் திரைதான். பின்சுவரில் சின்னக் கண்ணாடி ஓட்டை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஆளில்லை. தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். ரோஸியும் திரும்பியிருந்தாள்.

"ஏழுமல அண்ணன் கேட்டுல நிக்கிறார் போல" என்றாள்.

அரங்கில் திரும்பிப் பார்த்தவர்களை எண்ணினேன்.

இரண்டு பேர்.