பொலிஸ் மேசையில் மஞ்சள் வீழ்படிவு

என் மாணவி தர்ஷினியைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, கொழும்பு வெள்ளவத்தை டியூட்டரியில் ஏ.எல். இரசாயன வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். யுத்த காலம். சோதனைச் சாவடியில் அவளுடைய விரல்களில் கறுப்புக் கறையைக் கண்டிருக்கிறார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கே பருத்தித்துறை. வெடிமருந்து என்று முடிவு கட்ட அவர்களுக்கு அது போதும்.

கறை எங்கள் வகுப்பில் பட்டது. முந்தின நாள் செய்முறை முடிந்து, சில்வர் நைத்திரேற் குழாய்களை வெறுங்கையால் கழுவியிருந்தாள். அது தோலில் பட்டு வெளிச்சம் கண்டால் கறுக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது.

டியூட்டரி முதலாளி வாசலை மறித்தார். "போகாதேங்கோ மிஸ். இரசாயனப் போத்திலுகளை எங்கையாவது ஒளியுங்கோ. டியூட்டரியைப் பூட்டிப்போடுவாங்கள்."

"பூட்டினால் பூட்டட்டும். அடுத்த மாதம் சோதனை எழுதவேண்டிய பிள்ளை அங்கை இருக்கிறாள். தள்ளுங்கோ."

ஒளிக்க நாங்கள் என்ன களவா எடுத்தோம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போத்தல்களையும் சில சோதனைக் குழாய்களையும் பையில் வைத்துக்கொண்டு நேரே பொலிஸ் நிலையம் போனேன்.

தர்ஷினி சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, முகம்தான் வெளிறியிருந்தது. போத்தல்களைக் கண்டதும் பொறுப்பதிகாரி கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். இவை என்னவென்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே பாடம் எடுத்தேன்.

அவர்களுடைய குசினி உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்து, சில்வர் நைத்திரேற் இரண்டு துளி விட்டேன். வெள்ளை வீழ்படிவு. அடுத்த குழாயில் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசல். அதில் விட்டபோது மஞ்சள்.

நிறம் ஏன் மாறுகிறது என்று பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் கேட்டுவிட்டார். கேட்டால் விடுவேனா? வெள்ளி அயன் பக்கத்து அயனின் இலத்திரன் முகிலைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கும், அதுதான் முனைவாக்கம். குளோரைட்டு சிறியது, அவ்வளவாக இழுபடாது. அயடைட்டு பெரியது, வெளி இலத்திரன்கள் தளர்வானவை, நன்றாக இழுபடும். இழுபட்ட இலத்திரன்கள் இரண்டு அயன்களுக்கும் ஓரளவு பொதுவாகிவிடுவதால், அயன் சேர்வைக்குப் பங்கீட்டுவலு இயல்பு வந்துவிடுகிறது. மஞ்சள் நிறம் அதனால்தான். சோடியத்துக்கு அந்த இழுவை இல்லை. கறியுப்பு வெள்ளையாகவே இருக்கிறது, கரைந்தும் போகிறது.

"படிப்பு சரி. கைக் கறை?" என்றார் பொறுப்பதிகாரி.

என் விரலில் ஒரு துளி விட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் போய் நின்றேன். விரல் கபில நிறமாகிக் கறுக்கும்வரை அசையவில்லை. பிறகு உள்ளே போய் அந்தக் கையை மேசையில் வைத்தேன். "இப்ப என்ரை கையும் அவளின்ரை கையும் ஒண்டு. அவளை வைச்சிருக்கிறதெண்டால் என்னையும் வையுங்கோ." இதையும் சிங்களத்தில்தான் சொன்னேன்.

இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். போத்தல்களை வைத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்.

அடுத்த வகுப்புக்குப் புதுப் போத்தல்களும் கையுறைகளும் வாங்கினேன். முதலாளி தலையில் கை வைத்தார். "செய்யிறதெண்டால் கதவைச் சாத்திப்போட்டாவது செய்யுங்கோ மிஸ்."

ஒழுங்கான வேலையை ஒளித்துச் செய்தால் அதுவே குற்றம்போல் ஆகிவிடும். நான் அன்று படித்த பாடம் இதுதான். பெருந்தெருவான காலி வீதிப் பக்கக் கதவை அகலத் திறந்து வைத்தேன். தர்ஷினி தானே எழுந்து வந்து, வீதியால் போகிறவர்களுக்கும் தெரியும்படி முதல் குழாயை உயர்த்திப் பிடித்தாள்.